உட்துறைமுகக் கரையில் ஒரு கல் வள்ளக்கொட்டகை வீடானது: நிகழ்வு ஆய்வு

வள்ளம் நிறுத்தக் கட்டிய கட்டடம் ஈரத்தோடு சேர்ந்து வாழ்வதற்கென்றே கட்டப்பட்டது. தண்ணீர் உள்ளே வரும், போகும். காற்று ஒரு பக்கத்தால் நுழைந்து மறுபக்கத்தால் வெளியேறும். சுவர் நனையும், காயும். அப்படிப்பட்ட ஒன்றை வீடாக்க வருகிறவர்கள் முதல் வேலையாக அந்த ஈரத்தை அடைக்கத்தான் பார்க்கிறார்கள். சீமெந்துப் பூச்சு, கொங்கிறீட் தரை, கண்ணாடி அடைப்பு, குளிரூட்டி. கட்டடம் கெடத் தொடங்குவது அங்கேதான். திருகோணமலை உட்துறைமுகக் கரையில் நாங்கள் திருத்தி வீடாக்கிய ஒரு கல் வள்ளக்கொட்டகையை வைத்து இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஊரில் பழைய கல் கட்டடம் வைத்திருக்கும் பலர் இதே கேள்விகளோடுதான் நிற்கிறார்கள், அவர்களுக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் சீமெந்து மூட்டையாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்காரர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதி. ஊருக்கே அவர் மாஸ்டர், மனைவி டீச்சர். நானும் அப்படியே எழுதுகிறேன். கொட்டகை மாஸ்டரின் தாய்வழி முதுசம், உறுதிக்காணி. கப்பல்களுக்கு விறகு, நல்ல தண்ணீர், காய்கறி, கோழி என்று சாமான் ஏற்றிக் கொடுத்த குடும்பம் அது. அந்த வள்ளங்களை வைக்க பிரித்தானியர் காலத்தில் கட்டியது. இடத்தைச் சரியாகக் குறிப்பிட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் அதை விட்டுவிடுகிறேன்.

ஏன் இங்கே, ஏன் கல்லில்

திருகோணமலைத் துறைமுகத்துக்காக எத்தனை பேர் சண்டைபிடித்தார்கள் என்பது தெரிந்த கதைதான். 1782ஆம் ஆண்டில் மட்டும் ஒல்லாந்தரிடமிருந்து பிரித்தானியர் கைக்குப் போய், சில மாதத்தில் பிரெஞ்சுக்காரர் கைக்கு மாறியது. 1795இல் மறுபடியும் பிரித்தானியர் பிடித்தார்கள், 1957இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளிக்கும் வரை அவர்களுடைய கப்பல்கள் இங்கே நங்கூரமிட்டன. மலைகள் சூழ்ந்த ஆழமான நீர், எந்தக் காற்றிலும் ஒதுங்கலாம். ஆனால் கப்பல் நடுவில் நிற்கும். ஆளும் சாமானும் கரைக்கும் கப்பலுக்கும் இடையில் சிறிய வள்ளங்களில்தான் போய்வர வேண்டும்.

பலகை வள்ளத்துக்கு இந்தக் கடலில் இரண்டு ஆபத்து. தண்ணீரிலேயே விட்டால் மரம் துளைக்கும் கடற்புழு அடிப்பலகையைத் தின்றுவிடும். கரையில் வெயிலில் ஏற்றிவைத்தால் பலகை சுருங்கிப் பொருத்து விரியும், அடுத்த முறை இறக்கும்போது தண்ணீர் ஏறும். ஆகவே தண்ணீருக்கு மிகக் கிட்ட, ஆனால் நிழலில், காற்றோட்டமாக வைக்க வேண்டும். இங்கே வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான வித்தியாசம் ஒரு மீற்றர்கூட இல்லை. அதனால் நீர்மட்டத்துக்குச் சற்று மேலேயே தரையை வைத்து, ஒரு சின்னச் சரிவால் வள்ளத்தை இழுத்தேற்றிவிடலாம். இந்தக் கட்டடத்தின் வடிவம் முழுவதும் இதிலிருந்து வருகிறது: நீரைப் பார்த்த ஒரு அகன்ற வளைவு வாசல், அதற்குள் சரிந்து இறங்கும் கல் தரை, இரண்டு பக்கச் சுவரிலும் உயரத்தில் அடைப்பே இல்லாத காற்றுத் துளைகள், தலைக்கு மேலே கப்பி மாட்டிய பாலைமர வளை.

சுவர் இரண்டரை அடித் தடிப்பு. வெளிப்பக்கமும் உட்பக்கமும் கொத்திய கருங்கல், நடுவில் உடைகல்லும் சுண்ணாம்புச் சாந்தும் சிப்பியும் கொட்டி நிரப்பியது. இந்த ஊரின் கோணேசர் மலை குவாட்சைற் என்னும் பொல்லாத கடினப் பாறை. அந்த மாதிரிக் கல்லை நேராகக் கொத்துவது பெரும்பாடு, எனவே வாசல் கால்களையும் மூலைகளையும் மட்டும் முருகைக்கல்லால் (கடலில் கிடைக்கும் பவளக்கல்) எடுத்து, வளைவைச் செங்கல்லால் சுற்றியிருந்தார்கள். கருங்கல் நீரைக் குடிக்காது. முருகைக்கல் நன்றாகக் குடிக்கும். இந்த ஒரு வித்தியாசம்தான் பிறகு எங்கள் வேலையின் பெரும்பகுதியைத் தீர்மானித்தது.

நாங்கள் பார்த்த நிலை

வள்ளங்கள் போன பிறகு கொட்டகை வலை போடும் இடமானது, அப்புறம் சாமான் அறையானது. இடையில் யாரோ நல்ல எண்ணத்தோடு சுவர் முழுக்க சீமெந்து பூசி, நாட்டு ஓட்டை இறக்கிவிட்டு அஸ்பெஸ்டோஸ் சீற் போட்டு, தரையின் மேல் பாதிக்கு கொங்கிறீட் கொட்டியிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உறுதியான கட்டடம். உள்ளே போனால் இடுப்பளவு உயரத்துக்குப் பூச்சு வயிறு தள்ளி நின்றது.

வாசலின் தெற்குக் காலில் அப்படித் தள்ளிநின்ற ஒரு துண்டை உளியால் நெம்பி எடுத்தோம். தட்டத்தளவு துண்டு, பின்பக்கம் முழுவதும் பஞ்சு போல வெள்ளை முடி. விரலால் தொட்டால் உதிர்ந்தது, நாக்கில் வைத்தால் உப்பு. அது இருந்த இடத்தில் முருகைக்கல் கல்லாக இல்லை, ஈரமான மாவாக இருந்தது. விரல் ஒரு மூட்டு ஆழம் உள்ளே போனது. பக்கத்திலேயே, பூச்சு பூசாமல் விட்ட ஒரு முழம் அகலத்தில், அதே கல் கை வைத்தால் சொரசொரவென்று திடமாக நின்றது. டீச்சர் இரண்டு இடத்தையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

என்ன நடக்கிறதென்றால், கறியுப்பு காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டினால் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி பளிங்காகும். பளிங்காகும்போது கல்லின் நுண்துளைகளுக்குள் அழுத்தம் கொடுக்கும், துளைச் சுவர் உடையும். திருகோணமலையில் இரவும் காலையும் அந்த அளவுக்கு மேலே நிற்கும், கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் மத்தியானம் நன்றாகக் கீழே இறங்கும். அதாவது உப்பு நாள்தோறும் கரைந்து நாள்தோறும் பளிங்காகிறது. இது பூச்சு இல்லாத சுவரிலும் நடக்கும், ஆனால் அங்கே பளிங்கு மேற்பரப்பில் வெள்ளையாகப் பூத்து உதிர்ந்துவிடும். நீராவியை இலகுவில் விடாத சீமெந்துப் பூச்சு மேலே இருந்தால் பளிங்காவது பூச்சுக்குப் பின்னால், கல்லுக்குள். சுவர் கெட்டுப்போவது மழைக்காலத்தில் என்று எல்லோரும் நினைக்கிறார்கள், ஏனென்றால் அப்போதுதான் ஈரம் கண்ணுக்குத் தெரிகிறது. உண்மையில் கல் உடைவது மழை விட்டுக் காயும் காலத்தில். அதனால்தான் மழை கொண்டுவரும் வடகிழக்கு வாடைக்காற்றுக் காலம் ஒன்றும் ஒரு கச்சான் காலமும் முழுதாகப் போகும் வரை எந்தச் சுவரிலும் கை வைக்காமல், எங்கே ஈரம், எங்கே உப்பு என்று சுவரின் படத்தில் குறித்துக்கொண்டே வந்தோம். மாஸ்டருக்கு இந்தத் தாமதம் பிடிக்கவில்லை. அந்தப் படம் இல்லாமல் வேலையைத் தொடங்கியிருந்தால் எங்கே பூசுவது, எங்கே விடுவது என்பது வெறும் ஊகம்தான்.

மேசன் மூதூரைச் சேர்ந்தவர், வாப்பா காலத்திலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்த குடும்பம். நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். சீமெந்தைக் கழற்ற வேண்டும் என்று நான் சொன்னதைவிட அவர் டீச்சருக்குச் சொன்ன விதம் சரியாக இருந்தது. "இதுக்கு மேல சீமெந்து பூசினா உப்பு வெளிய வராது டீச்சர், உள்ளுக்க கிடந்து கல்லத் திண்டு போடும்."

"அப்ப சுண்ணாம்பு பூசினா எத்தனை வருஷம் நிக்கும் நானா?"

"கொட்டும் டீச்சர். கொட்டினா திரும்பப் பூசலாம். கல்லத் திரும்பச் செய்யேலாதே."

இதற்கு மேல் நான் விளக்க எதுவும் இருக்கவில்லை.

அனுமதிகள்

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்க கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டட வேலை செய்யக் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், கட்டடம் பழையது என்பதால் விலக்கு இல்லை. இன்னொன்று, 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம். 1815 மார்ச் 2க்கு முற்பட்டவை அதன்படி தானாகவே தொல்பொருள். இந்தக் கொட்டகை அவ்வளவு பழசில்லை, ஆனாலும் இந்த ஊரில் அத்திவாரத்துக்கு மண் வெட்டினால் என்ன வரும் என்று யாரும் சொல்ல முடியாது, ஆகவே தொல்பொருள் திணைக்களத்துக்கும் எழுதிக் காட்டிவிட்டுத்தான் தொடங்கினோம். சுவர்களின் சுற்றளவு மாறவில்லை, உயரம் மாறவில்லை, கடற்பக்கம் சுவரை ஒரு அடிகூட நீட்டவில்லை என்பதால் வரைபடத்தில் விவாதம் குறைவாக இருந்தது. கரையோரத்தில் வேலை செய்பவர்களுக்கு என் ஆலோசனை அதுதான்: பழைய கோட்டுக்குள்ளேயே நில்லுங்கள்.

கழற்றல், கழுவாமல் துடைத்தல்

கூரையிலிருந்து தொடங்கினோம். அஸ்பெஸ்டோஸ் சீற்றை நனைத்து, ஆணியைக் கழற்றி, உடைக்காமல் முழுதாக இறக்க வேண்டும். வெட்டவோ எறியவோ கூடாது, முகக்கவசம் கட்டாயம். மறுபடி நாட்டு ஓடு போட்டோம், கைமரம் முதிரை. தாழ்வாரத்தை இரண்டடி கூடுதலாக நீட்டியது மழை சுவரில் அடிப்பதைக் குறைக்க. ஆண்டுக்கு ஏறத்தாழ 1600 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் தை வரையான நான்கு மாதத்துக்குள் வாடையோடு சரிவாக அடிக்கும் ஊர் இது.

சீமெந்துப் பூச்சை உளியும் மரச்சுத்தியலும் வைத்தே எடுத்தோம். மின்சார உடைப்பான் வேகம்தான், ஆனால் அந்த அதிர்வில் முருகைக்கல் கொட்டும். எடுத்த பிறகு எல்லோருக்கும் வரும் ஆசை, சுவரைத் தண்ணீர் அடித்துக் கழுவுவது. கூடாது. கழுவினால் மேலே இருக்கும் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த தூரிகையால் துடைத்து, கீழே விரித்த சாக்கில் விழுவதை அள்ளிக் கொண்டுபோய்த் தூரக் கொட்ட வேண்டும். பிறகு கடதாசிக் கூழும் வெண்களியும் சேர்த்து உப்பில்லாத தண்ணீரில் குழைத்து சுவரில் அப்பி, அது காயும்போது உள்ளே இருக்கும் உப்பைத் தனக்குள் இழுக்க விட்டு, உரித்தெடுத்தோம். தெற்குக் காலில் இதைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

உப்பில்லாத தண்ணீர் என்பதே அந்தக் கரையில் ஒரு பிரச்சினை. காணிக்குள் இருக்கும் கிணறு சவர். வாடைக்காலத்தில் கூரைநீரைத் தாங்கிகளில் பிடித்து வைத்தோம், சாந்து குழைக்கவும் அதைத்தான் பாவித்தோம். மணலும் அப்படித்தான். கழிமுகத்துக்குக் கிட்ட அள்ளிய மணலை மலிவு என்று வாங்கினால் சுவருக்குப் புதிதாக உப்பு கொடுப்பது போலாகும். மேலே ஆற்றில் எடுத்த மணலை வாங்கி, அதையும் மழைநீரில் கழுவிக் காயவைத்துத்தான் எடுத்தோம்.

சுண்ணாம்பு

பழைய சாந்து முருகைக்கல் சுட்டெடுத்த சுண்ணாம்பு. அது இனி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. 1988ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வதைத் தடைசெய்தது, அது இல்லாவிட்டால் நம் கரைக்குக் காவலாய் நிற்கும் பவளப்பாரும் சேர்ந்து சூளைக்குள் போயிருக்கும். இப்போது வருவது பெரும்பாலும் மாத்தளைப் பக்கத்து டொலமைற் சுண்ணாம்பு. அதில் மக்னீசியம் இருக்கிறது, அந்தப் பகுதி தண்ணீர் பட்டு மிக மெதுவாகத்தான் நீறும். அவசரப்பட்டு இரண்டு நாள் ஊறவைத்துப் பூசினால், நீறாத மணிகள் சுவரிலே நீறிப் பூரித்து, பூச்சு அம்மைத் தழும்பு போட்டதுபோல் பொட்டுப் பொட்டாகத் தெறிக்கும். சுண்ணாம்பு சரிவராது என்று மேசன்மார் பலர் சொல்வதற்கு இதுதான் காரணம் என்பது என் எண்ணம். சுண்ணாம்பில் பிழை இல்லை, பொறுமை இல்லாததுதான். நானா காணியின் மேட்டுப் பக்கம் குழி வெட்டி, நீற்றிய சுண்ணாம்பை மெல்லிய கம்பிவலையில் வடித்து, மேலே எப்போதும் தண்ணீர் நிற்கும்படி மாதக்கணக்கில் விட்டார். எடுக்கும்போது தயிர்க் கட்டி மாதிரி, கரண்டியில் ஒட்டாமல் வழுக்கியது.

ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு மணல். தரையிலிருந்து நாலடி உயரம் வரை, நீர் அதிகம் படும் பட்டையில், நன்றாகச் சுட்ட செங்கல்லை இடித்துச் சலித்த தூளும் சேர்த்தோம். அது சுண்ணாம்போடு வினைபட்டு ஈரத்திலும் இறுகும். மற்ற இடத்தில் சுண்ணாம்பு இறுகுவது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உள்வாங்கித்தான், அதற்குப் பூச்சு கொஞ்சம் ஈரமாகவே இருக்க வேண்டும். கச்சானில் பூசினால் ஒரே நாளில் உலர்ந்து பொடியாகிவிடும். எனவே மழை விட்ட மாசி, பங்குனியில்தான் பூசினோம், ஒவ்வொரு பட்டைக்கு மேலும் ஈரச் சணல் சாக்கு தொங்கவிட்டு, காலையும் மாலையும் நீர் தெளித்து. கருங்கல் முகங்களைப் பூசவே இல்லை. பொருத்துக்களை மட்டும் நிரப்பினோம். முருகைக்கல்லுக்கு மெல்லிய பூச்சும் வெள்ளையும்.

தரையும் மேல்தட்டும்

வாக்குவாதம் நடந்தது இங்கேதான். மகன் லண்டனில். இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்துக் கல் வள்ளக்கொட்டகைகள் தங்கும் வீடுகளான படங்களை வட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டே இருந்தார்: நீரைப் பார்த்த முழுக் கண்ணாடி, பளபளக்கும் தரை, உள்ளே வெதுவெதுப்பு. அழகான வேலைகள். ஆனால் அது நன்னீர் ஏரி, குளிர் நாடு. அங்கே சூட்டை உள்ளே பிடித்து வைப்பதுதான் கேள்வி. இங்கே வளைவு பார்ப்பது மேற்கை. பின்னேரம் முழுவதும் வெயில் நேராக உள்ளே வரும், கச்சானும் அந்தப் பக்கத்தாலேயே வரும். அதைக் கண்ணாடியால் அடைத்தால் குளிரூட்டி இல்லாமல் இருக்க முடியாது. குளிரூட்டி போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்தி வந்தால் உள்ளே ஈரப்பதம் அந்த 75 வீதத்தைத் தாண்டித் தாண்டி இறங்கும், சுவருக்குள் இருக்கும் உப்புக்கு அதைவிடக் கொண்டாட்டம் வேறில்லை. மகனுக்கு இதை ஒரு இரவு தொலைபேசியில் விளக்கினேன், பொறியியல் படித்தவர், உடனே பிடித்துக்கொண்டார். "அப்ப அண்ணா, காத்தை மட்டும் நம்பியா விடப் போறீங்க?" என்றார். ஆம், காற்றை நம்பித்தான்.

வளைவுக்குப் பின்னால் ஐந்தடி உள்ளே தள்ளி, மடிப்புக் கதவுகள் வைத்தோம்: கீழ்ப்பாதி பலகை, மேல்பாதி சாய்வுச் சட்டம். முன்னே கிடைத்த ஐந்தடி நிழலான விறாந்தை. வளைவின் கல்லில் ஒரு ஆணிகூட இறங்கவில்லை. பிணைச்சல், கொண்டி எல்லாம் பித்தளை. திருகாணி 316 தரத் துருவேறா உருக்கு. 304 தரம் மலிவு, ஆனால் இந்தக் கடற்காற்றில் பொட்டுப் பொட்டாக அரிக்கும். சுவரில் இருந்த பழைய இரும்பு வளையங்களில் துரு ஊதிக் கல்லை விரித்திருந்தவற்றைக் கழற்றினோம், நல்லதாய் இருந்தவற்றைத் துரு சுரண்டி எண்ணெய் பூசி அங்கேயே விட்டோம்.

கொங்கிறீட் தரையை உடைத்து எடுத்ததும் கீழே சரிவுக் கல் முழுதாகக் கிடந்தது. தரையை அடைத்தால் நிலத்து ஈரத்துக்கு ஏறுவதற்குச் சுவர் மட்டுமே மிஞ்சும். அதனால் அந்தக் கல்லைச் சுண்ணாம்புப் பொருத்தோடு திறந்தபடி விட்டோம். கீழே படுக்கையறை இல்லை. தரைப்பக்கத்து மேட்டில் சமையலறையும் குளியலறையும், நடுவில் இருக்கவும் சாப்பிடவும் ஒரு இடம், நீர்ப்பக்கத்தில் மாஸ்டரின் வள்ளம். அது அங்கேயே இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக நின்றேன். வள்ளம் ஏறி இறங்கும் வரைதான் அந்தச் சரிவு பாசி பிடிக்காமல், கல் பெயராமல் பார்க்கப்படும்.

படுக்கை இரண்டும் மேல்தட்டில். பாலைமரக் கால்கள், முதிரைப் பலகை, சுவரிலிருந்து நாலு விரல் விலகி நிற்கும் தனிச் சட்டகம். பழைய சுவர் இந்தப் பாரத்தைச் சுமக்கவில்லை, நாளைக்கு வேண்டாமென்றால் திருகாணியைக் கழற்றி எடுத்துவிடலாம். அந்த நாலு விரல் இடைவெளியால் காற்று மேலேறி உயரத்துத் துளைகளால் வெளியேறுகிறது. துளைகளுக்கு நுளம்பு வலை மட்டும் போட்டோம்.

2004 டிசம்பர் 26ஐக் கண்ட ஊரில் நீருக்கு இவ்வளவு கிட்ட வீடு கட்டும்போது அந்த நாளை நினைக்காமல் இருக்க முடியாது. கீழ்த்தளத்தில் தண்ணீர் வந்தால் ஒரு பக்கத்தால் வந்து மறுபக்கத்தால் போகட்டும் என்றே இரண்டு அந்தத்திலும் கதவுகள் முழுதாகத் திறக்கும்படி வைத்தோம். மின்கம்பி எல்லாம் மேலிருந்து கீழே, சுவரைக் கீறாமல் வெளிக்குழாயில், செருகிகள் நெஞ்சளவு உயரத்தில். படிக்கட்டிலிருந்து நேரே பின்பக்க மேட்டு வழிக்கு ஒரு வாசல். மலக்குழி கடலுக்கு எதிர்ப்பக்கம், மேட்டில், கசியாத அடைத்த தாங்கி.

இப்போது

அவர்கள் குடிவந்து ஒரு வாடைக்காலம் போய்விட்டது. கருங்கல் சுவர்கள் உலர்ந்து நிற்கின்றன. தெற்குக் காலில் உப்பு இன்னும் பூக்கிறது, ஆனால் பூப்பது வெளியே, பூச்சின் மேல். டீச்சர் கிழமைக்கு ஒருமுறை தூரிகையால் துடைத்து அள்ளுகிறார். மத்தியானத்தில் கீழ்த்தளம் வெளியைவிட நன்றாகக் குளிர்ச்சி. மேல்தட்டில் வைகாசி, ஆனியில் மின்விசிறி இல்லாமல் முடியாது, அதை மறைக்க வேண்டியதில்லை.

செலவைக் கேட்பவர்களுக்கு: சாமானுக்குப் போனதைவிடக் கூலிக்குத்தான் கூடப் போனது. சீமெந்து வேலையோடு ஒப்பிட்டால் கையில் காசு மெதுவாக, நீண்ட காலத்துக்குப் போகும், அதனால் கடன் எடுத்துச் செய்பவர்களுக்கு இது கஷ்டம். மாஸ்டர் தன் ஓய்வூதியப் பணத்தைப் பகுதி பகுதியாகப் போட்டுச் செய்ததால் தாக்குப்பிடித்தார்.

மிச்சம் இருப்பது மூன்று வேலை. தெற்குக் காலுக்கு இன்னொரு கடதாசிக் கூழ் அப்பல், வருகிற மாசியில். மடிப்புக் கதவுகளின் மேற்குப் பக்கத்துக்கு எண்ணெய், கச்சான் தொடங்க முன். வளைவின் உச்சியில் மூன்று செங்கல் சற்று இறங்கியிருக்கிறது. அடியில் மரத்தாங்கி கொடுத்து வைத்திருக்கிறோம், குழியில் இருக்கும் மீதிச் சுண்ணாம்பு அதற்குத்தான். நானாவின் இளைய மகன் இந்த வேலையில் கூட நின்று பழகிவிட்டார், வளைவை அவரே கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.